ஆட்சியாளரின் கொடையும் செய்தித்தாளின் உயிரும்
எகிப்திய இதழியல் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

செய்தி என்பது நெடுங்காலம் ஆட்சியாளரின் உடைமையாகவே கருதப்பட்டு வந்தது. அப்பாசியர் ஆட்சியில் 'ஸாஹிபுல் பரீத்' என்ற பதவி ஒன்றிருந்தது. அஞ்சல் துறைத் தலைவரும் ஒற்றர் தலைவரும் அங்கு ஒருவரே. மாகாணங்களில் தானியம் என்ன விலைக்கு விற்கிறது, காழி எவ்வாறு தீர்ப்பளிக்கிறார், ஆளுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பனவற்றையெல்லாம் எழுதித் தலைநகருக்கு அனுப்புவது அவருடைய பணி. ஆட்சி நிலைக்க இன்றியமையாத நால்வரைக் கலீஃபா அல்மன்ஸூர் குறிப்பிட்டபோது, காழி, காவல் தலைவர், வரி அதிகாரி ஆகியோருடன் இவரையும் சேர்த்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் குதிரை அஞ்சலைச் செம்மைப்படுத்தி, கெய்ரோவுக்கும் டமாஸ்கசுக்கும் இடையே நான்கே நாள்களில் செய்தி சென்று சேரும்படி செய்தார். வியக்கத்தக்க ஏற்பாடுகள்தாம். ஆயினும் அச்செய்திகளில் ஒன்றேனும் கடைத்தெருவில் நின்ற குடிமகனுக்காக எழுதப்பட்டதன்று.

இதனை முதற்கண் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளம்பர வருவாய் இணைய நிறுவனங்களின் பக்கம் சென்றுவிட்டதால் நாளிதழ்கள் நலிந்து வரும் இந்நாளில், அவற்றைத் தாங்கிப் பிடிக்க அரசு முன்வர வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் எழுந்துள்ளது. அரசின் கை பட்டாலே செய்தி கெட்டுவிடும் என்று மறுப்போரும் உளர். இரு தரப்பாரும் ஐரோப்பிய, அமெரிக்க எடுத்துக்காட்டுகளையே பெரிதும் காட்டுகின்றனர். அரசின் மடியிலேயே பிறந்து வளர்ந்த எகிப்தியச் செய்தித்தாள்களின் வரலாறு அவர்கள் கண்ணில் படுவதில்லை. இரு நூற்றாண்டுகளை நெருங்கும் அவ்வரலாற்றில், அரசு உதவலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. அரசு ஏதேனும் ஒரு வகையில் உதவியே வந்துள்ளது. அவ்வுதவி எவ்வழியில் வந்தது, அதனை நிறுத்திவிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பவையே அங்கு இதழ்களின் நலத்தைத் தீர்மானித்தன.

எகிப்தில் அச்சுக்கூடத்தை நிலைநாட்டியவர் முஹம்மது அலீ பாஷா. 1820ஆம் ஆண்டையொட்டி புலாக் என்னுமிடத்தில் அவர் நிறுவிய அச்சகம் அரபு உலகின் கல்வி வரலாற்றையே மாற்றியது என்பதை நம் மதரசாக்களின் நூலகங்களில் புலாக் பதிப்புகளைப் புரட்டியவர்கள் அறிவர். அவ்வச்சகத்தோடு பிணைந்தே எகிப்தின் முதல் செய்தித்தாளும் தோன்றியது. ஹிஜ்ரி 1244 ஜுமாதல் ஊலா 25, அதாவது 1828 டிசம்பர் 3 அன்று, 'அல்வகாயிஉல் மிஸ்ரிய்யா' வெளிவந்தது. 'எகிப்திய நிகழ்வுகள்' என்பது இப்பெயரின் பொருள். உதுமானியத் தலைநகரில் 'தக்வீமே வகாயிஃ' என்ற அரசிதழ் தோன்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே இது வந்துவிட்டது. துருக்கியும் அரபும் அருகருகே அச்சான அவ்விதழைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகளும் படைத்தலைவர்களுமே. பாஷாவின் கட்டளைகளும் பாசனப் பணிகளும் தண்டிக்கப்பட்ட அதிகாரிகளின் கதைகளும் அதில் இடம்பெற்றன. பழைய பரீத் மேல்நோக்கி ஓடியது; இது கீழ்நோக்கி ஓடியது. இரண்டுக்கும் ஊற்றுக்கண் அரண்மனைதான்.

எனினும் அரசிதழிலும் ஓர் அறிஞன் அமர்ந்தால் சிறிது மாற்றம் நிகழும். பாரிஸ் சென்று மீண்ட ரிஃபாஆ ராஃபிஉ தஹ்தாவி 1842இல் இவ்விதழின் பொறுப்பை ஏற்றபோது, அதுவரை இடப்புறம் ஒதுக்கப்பட்டிருந்த அரபை வலப்புறத்திற்குக் கொணர்ந்தார். வலமிருந்து படிக்கும் மொழியில் இது எத்துணைப் பெரிய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. எகிப்துச் செய்திகளுக்கு முதலிடம் தந்தார், இலக்கியத்திற்கும் இடமளித்தார். ஆனால் ஆட்சியாளர் மாறியதும் அவர் 1850இல் சூடானுக்கு அனுப்பப்பட்டார். அறிஞனின் இருக்கை அரசனின் விருப்பத்தில் நின்றது.

கெதிவ் இஸ்மாயில் காலத்தில் (1863-1879) உதவி வேறு வடிவம் கொண்டது. ஐரோப்பா தம்மை மதிக்க வேண்டும், தம் நாட்டில் 'தனியார்' இதழ்களும் இருக்க வேண்டும் என அவர் விரும்பினார். 1867இல் அப்துல்லாஹ் அபுஸ் ஸுஊத் தொடங்கிய 'வாதின் நீல்' மக்கள் இதழாகத் தோன்றினும் கெதிவின் பணத்தால்தான் நடந்தது. இஸ்தன்பூலில் ஃபாரிஸ் ஷித்யாக் நடத்திய புகழ்பெற்ற 'அல்ஜவாயிப்' இதழுக்கும் அவருடைய நன்கொடை சென்றது. அதே கெதிவ், தம்மை எள்ளி நகையாடிய யஃகூப் ஸன்னூவின் 'அபூ நள்ளாரா'வைப் பொறுக்கவில்லை. அவ்விதழ் மூடப்பட்டது, அதன் ஆசிரியர் 1878இல் பாரிஸுக்குப் போக நேர்ந்தது. அங்கிருந்து அச்சான தாள்கள் எகிப்துக்குள் கடத்தி வரப்பட்டு முன்னிலும் ஆர்வமாய்ப் படிக்கப்பட்டன. லெபனானிலிருந்து வந்த ஸலீம் தக்லா, பிஷாரா தக்லா என்னும் உடன்பிறப்புகள் 1876 ஆகஸ்டு 5 அன்று அலெக்சாந்திரியாவில் தொடங்கிய 'அல்அஹ்ராம்' வார இதழாகப் பிறந்து, பின்னர் நாளிதழாகி, இன்றளவும் வாழ்கிறது. அதன் நீண்ட ஆயுளுக்குத் தொடக்கக் காலத்தில் துணைநின்றவற்றுள் ஒன்று, அதன் உரிமையாளர்கள் பெற்றிருந்த பிரெஞ்சுப் பாதுகாப்பு. தன் நாட்டு அரசிடமிருந்து காத்துக்கொள்ள ஓர் இதழ் அயல்நாட்டுத் தூதரகத்தின் நிழலை நாட வேண்டியிருந்தது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது 1880 முதல் 1882 வரையிலான குறுகிய காலம். அப்போதைய தலைமை அமைச்சர் ரியாழ் பாஷா, அல்வகாயிஃ இதழைச் சீர்படுத்தும் பொறுப்பில் அல்அஸ்ஹர் பட்டதாரியான ஓர் இளம் ஆலிமை அமர்த்தினார். அவர்தாம் ஷைகு முஹம்மது அப்துஹு. அவர் விரைவில் தலைமை ஆசிரியரானார். ஸஅத் ஸக்லூல் முதலிய இளைஞர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அவர் கொணர்ந்த ஏற்பாடுகள் வியப்புக்குரியவை. அரசின் ஒவ்வொரு துறையும் தான் செய்த பணிகளையும் செய்யவிருப்பவற்றையும் இதழுக்கு எழுதியனுப்ப வேண்டும். அவற்றைக் குறைகூறும் உரிமை, அரசிதழாக இருந்தும், அல்வகாயிஃக்கு உண்டு. வேறு செய்தித்தாள் ஏதேனும் ஓர் அதிகாரி மீது குற்றம் சுமத்தினால் அத்துறை விசாரணை நடத்தி விடையளித்தாக வேண்டும்.

அரசு செய்தித்தாளுக்கு அளிக்கக்கூடிய உதவிகளில் இதனினும் உயர்ந்த ஒன்றை நான் அறியேன். பணம் தரவில்லை; காகிதம் தரவில்லை. கேள்விக்கு விடை தரும் கடமையைத் தன்மீது சுமத்திக்கொண்டது. செய்தியாளன் தேடி அலைவது விடையைத்தான். அவ்விடையைக் கடமையாக்கிய அரசு அவனுடைய தொழிலையே நிலைபெறச் செய்தது.

அப்துஹுவின் ஆட்சியில் மற்றொரு விதியும் இருந்தது. பிழை மலிந்த அரபில் எழுதப்படும் இதழ்கள் தகுதியுள்ள ஆசிரியரை அமர்த்திக்கொள்ள வேண்டும். தவறினால் நிறுத்தப்படும் என்று பெரிய இதழ் ஒன்றுக்கே எச்சரிக்கை சென்றது. அரபு இலக்கணம் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றோருக்கு இதைப் படிக்கும்போது மகிழ்ச்சி பொங்குவது இயல்பு. இன்று அவ்விதி நடைமுறையில் இருந்தால் எத்தனை இதழ்கள் மிஞ்சும் என்றும் நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் மகிழ்ச்சி அடங்கியபின் ஓர் ஐயம் எழுகிறது. நடையைத் திருத்துவதற்காக ஓர் இதழை நிறுத்தும் அதிகாரம், கருத்தைத் திருத்துவதற்காகவும் பயன்படுமன்றோ? ஆசிரியரும் தணிக்கையாளரும் ஒருவராகவே இருந்த அவ்வேற்பாட்டில், நன்மை முழுவதும் அப்துஹு என்ற மனிதரின் நேர்மையைச் சார்ந்திருந்தது. சட்டத்தில் அந்த நேர்மையை எழுதிவைக்க இயலாது.

அவ்வாறே ஆயிற்று. 1881 நவம்பரில் இயற்றப்பட்ட அச்சுச் சட்டம், இதழ் தொடங்க உரிமமும் ஜாமீன் தொகையும் வேண்டும் என்றது. நீதிமன்றம் செல்லாமலேயே இதழ்களை எச்சரிக்கவும் நிறுத்தவும் மூடவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. அடுத்த ஆண்டே உராபி பாஷாவின் எழுச்சி ஒடுக்கப்பட்டு ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்தனர். அப்துஹு நாடு கடத்தப்பட்டார். 1884இல் அவரும் ஜமாலுத்தீன் ஆப்கானியும் பாரிஸிலிருந்து நடத்திய 'அல்உர்வதுல் உஸ்கா' மார்ச் முதல் அக்டோபர் வரை 18 இதழ்களே வந்தது. எகிப்திலும் இந்தியாவிலும் அது நுழைவதை ஆங்கில அரசு தடுத்துவிட்டது. அரசு அஞ்சலின் வழியே இதழ்கள் உலகெங்கும் பரவிய அக்காலத்தில், அதே அஞ்சல் வாயிலை அடைத்து ஓர் இதழைக் கொல்வதும் எளிதாயிருந்தது.

நாடு கடத்தப்பட்ட உராபி பாஷா 1883 சனவரியில் இலங்கை வந்து சேர்ந்தார் என்பதும், அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கண்டியில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. அந்த எகிப்தியத் தலைவரின் வருகை இலங்கை முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது. சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலின் கதைத் தலைவன் எகிப்தில் பிறந்தவனாக அமைந்தது தற்செயலன்று.

எகிப்தில் குரோமர் பிரபுவின் ஆட்சி நடைமுறையில் இதழ்களைப் பெரிதும் தடுக்கவில்லை. காலப்போக்கில் 1881 சட்டம் உறங்கலாயிற்று. நெஞ்சில் உள்ளதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் மக்கள் எழுச்சிகொள்ள மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு என்பர். ஆனால் ஆதரவு வேறு வழியில் பாய்ந்தது. 1889இல் தோன்றிய 'அல்முகத்தம்' ஆங்கிலேயர் ஆதரவுடன் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஷைகு அலீ யூசுஃப் தொடங்கிய 'அல்முஅய்யது' அதற்கு மாற்றாக நின்றது. சிற்றூரில் பிறந்து, அல்அஸ்ஹரில் பயின்று, கைப்பொருள் இல்லாத நிலையில் நாளிதழ் நடத்தத் துணிந்தவர் அவர். 1896இல் சூடான் போர்முனையிலிருந்து தளபதி கிச்னர் படையின் நிலை குறித்துப் போர் அமைச்சருக்கு அனுப்பிய தந்தி அல்முஅய்யதில் அப்படியே வெளிவந்தது. தந்தி அலுவலக எழுத்தர் ஒருவரும் ஷைகும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். ஷைகு விடுதலை செய்யப்பட்டார். மக்கள் அவரைக் கொண்டாடினர். ஓர் எகிப்திய நீதிமன்றம் ஆட்சியின் விருப்பத்திற்கு மாறாகச் செய்தியாளன் பக்கம் நின்ற நாள் அது. நல்ல செய்தித்துறைக்கு அரசு செய்யவேண்டிய பணிகளில் நீதிமன்றத்தை அதன் போக்கில் விடுவதும் ஒன்று என்பதற்கு இவ்வழக்கே சான்று.

அந்த அல்முஅய்யதுக்கு நேர்ந்த முடிவையும் சொல்லியாக வேண்டும். அது நாளடைவில் கெதிவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மியின் ஆதரவில் சாய்ந்தது. கெதிவ் ஆங்கிலேயரை எதிர்த்த வரையில் அச்சாய்வு எவருக்கும் உறுத்தவில்லை. அவர் ஆங்கிலேயரோடு இணங்கிப்போகத் தொடங்கியதும் இதழின் நாவும் குழறிற்று, வாசகர்கள் விலகினர். 1913இல் ஷைகு மறைந்தபின் இதழ் நெடுநாள் நீடிக்கவில்லை. பகைவரின் சட்டத்தை வென்ற இதழ், நண்பரின் கொடையில் தோற்றது.

1909இல் 1881 சட்டம் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டபோது கெய்ரோத் தெருக்களில் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. 1923 அரசமைப்புச் சட்டம் இதழ்களுக்கு விடுதலை வழங்கியது; தணிக்கையையும் நிர்வாக ஆணையால் இதழை மூடுவதையும் விலக்கியது. ஆனால் 'சமூக ஒழுங்கைக் காக்க இன்றியமையாத போது தவிர' என்றொரு வாலும் அதில் இருந்தது. பின்வந்த அமைச்சரவைகள் பலவும் பிடித்துக்கொண்டது அவ்வாலைத்தான். சட்டத்தின் வழியே ஒடுக்கியதைக் காட்டிலும் தீங்கானது, உள்துறையின் 'இரகசியச் செலவு' என்ற கணக்கிலிருந்து இதழ்களுக்கு வழங்கப்பட்ட பணம். எவருக்கு எவ்வளவு என்று வாசகன் அறியான். 1954 ஏப்ரலில், அப்பணத்தைப் பெற்றதாகக் கூறப்பட்ட இதழ்கள், இதழாளர்கள் பட்டியலைப் புரட்சிக் குழு வெளியிட்டது. நாட்டைத் தூய்மை செய்வதற்கு என்றே அது சொல்லப்பட்டது. அதே அறிவிப்பில் இதழாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவும் கலைக்கப்பட்டது. அடுத்த மாதம் வஃப்து கட்சி சார்ந்த பெரும் நாளிதழான 'அல்மிஸ்ரீ' மூடப்பட்டது. இரகசியப் பணம் தந்தவர்களும், அதை அம்பலப்படுத்தியவர்களும் விரும்பியது ஒன்றையே என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

1960 மே 24 அன்று வந்த 156ஆம் எண் சட்டத்துடன் இக்கதை உச்சத்தை அடைகிறது. அல்அஹ்ராம், அக்பாருல் யவ்ம், தாருல் ஹிலால், ரோஸல் யூசுஃப் ஆகிய பெரும் பதிப்பகங்களின் உடைமை, நாட்டின் ஒரே அரசியல் அமைப்பாக இருந்த தேசிய ஒன்றியத்திற்கு மாற்றப்பட்டது. முதலாளிகளின் பிடியிலிருந்து இதழ்களை மீட்டு மக்களிடம் ஒப்படைப்பதாக அரசு விளக்கமளித்தது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. செல்வர் ஒருவரின் இதழ் அச்செல்வரின் நலனைக் காக்கும் என்பதை எந்நாட்டினரும் அறிவர். ஆனால் உரிமையாளர் பலராக இருந்தால் ஒருவர் மறைத்ததை மற்றவர் வெளியிடுவார். உரிமையாளர் ஒருவரேயாகி, அவரே ஆட்சியாளருமாகிவிட்டால் மறைத்தது மறைத்ததுதான்.

இதழ்கள் வறுமையில் வாடவில்லை என்பதையும் மறக்கலாகாது. 1957 முதல் 1974 வரை முஹம்மது ஹஸனைன் ஹைகலின் தலைமையில் அல்அஹ்ராம் செழித்தது. அவர் வெள்ளிதோறும் எழுதிய 'பிஸராஹா' ('வெளிப்படையாக') பத்தியை அரபு நாட்டுத் தூதரகங்கள் அனைத்தும் கூர்ந்து படித்தன. கெய்ரோவின் ஜலா தெருவில் உயர்ந்த கட்டடம் எழுந்தது. ஆய்வு மையம் தோன்றியது. தவ்ஃபீகுல் ஹகீம், நஜீப் மஹ்ஃபூழ் போன்ற பேரெழுத்தாளர்கள் அங்கு இடம்பெற்றனர். பணம், காகிதம், அச்சுப்பொறி, அறிவு ஆகிய எதற்கும் குறைவில்லை.

1967 ஜூன் 5 வந்தது. எகிப்தின் வான்படை காலையிலேயே தரையில் வைத்து அழிக்கப்பட்டது. ஆனால் பகைவரின் விமானங்களை நம்மவர் வீழ்த்திக்கொண்டிருப்பதாகவும் படைகள் முன்னேறுவதாகவும் வானொலி முழங்கியது. நாளிதழ்களும் அதையே அச்சிட்டன. சினாயில் தம் மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில் கெய்ரோவின் தாய்மார்கள் வெற்றிச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தனர். சில நாள்களில் அனைத்தும் வெளிப்பட்டபோது, நிலம் போனதோடு நம்பிக்கையும் போயிற்று. எகிப்தியர் பலர் தம் நாட்டுச் செய்திக்கே அயல்நாட்டு வானொலிகளை நாடும் பழக்கத்திற்கு ஆளாயினர். பழைய பரீத் அதிகாரியாவது தம் கலீஃபாவிடம் உண்மையைச் சொன்னார். தணிக்கைக்குப் பழகிய இதழ்களால் ஆட்சியாளருக்கும் அப்பயன் கிட்டவில்லை.

பின்வந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். அன்வர் சாதாத் 1974 பிப்ரவரியில் தணிக்கையை நீக்கினார்; அதே மாதம் ஹைகலையும் நீக்கினார். 1980இல் 148ஆம் எண் சட்டம் தேசிய இதழ்களின் உடைமையைப் பயன்படுத்தும் உரிமையை ஷூரா அவைக்கு அளித்தது. 'ஷூரா' என்ற சொல்லின் கனத்தை அறிந்த நமக்கு, தலைமை ஆசிரியர்களை அமர்த்த ஆட்சியாளருக்கு உதவிய ஓர் அவைக்கு அப்பெயர் வாய்த்தது சற்றே வேதனையளிக்கும். 1981 செப்டம்பரில் நிகழ்ந்த பெருங்கைதுகளில் ஹைகலும் சிறை புகுந்தார். 'அத்தஃவா' முதலிய இதழ்கள் முடக்கப்பட்டன. 1995இல் வந்த 93ஆம் எண் சட்டம் இதழாளர் தண்டனைகளைக் கடுமையாக்கியபோது, இதழாளர் சங்கம் ஓராண்டு விடாது போராடியது; 1996இல் அச்சட்டம் மாற்றப்பட்டது. அரசு வளர்த்த நிறுவனங்களில் பணிபுரிந்தவர்கள் பலரும் அப்போராட்டத்தில் இருந்தனர் என்பது ஆறுதலான செய்தி.

நம் நாட்டிலும் அரசு இதழ்களுக்கு உதவியே வந்துள்ளது: அஞ்சல் சலுகை, விளம்பரம், இறக்குமதியான அச்சுத்தாள். அச்சுத்தாளைப் பங்கிடும் அதிகாரத்தைக் கொண்டு நாளிதழ்கள் பத்துப் பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என அரசு விதித்தபோது, உச்சநீதிமன்றம் 1972 அக்டோபரில் பென்னட் கோல்மன் வழக்கில் அதைச் செல்லாதென்றது. அதற்கு முன்பே, 1961இல், சகால் வழக்கிலும் விலைக்கும் பக்கத்துக்கும் முடிச்சுப்போட்ட சட்டத்தை அது தள்ளியிருந்தது. தாளைப் பங்கிடுவது அரசின் பணி. தாளைக் காட்டி இதழின் அளவைக் குறைப்பது அதன் பணியன்று என்ற இப்பிரிவினை எகிப்துக்குக் கிட்டாதது. நமக்கும் அது எப்போதும் துணைநிற்கவில்லை. 1975 ஜூன் 25 இரவு தில்லியின் நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்த தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதைத் தடுக்க எந்தத் தீர்ப்பும் விரைந்து வரவில்லை. மின்சாரமும் அரசு வழங்கும் உதவிதானே.

எகிப்துக்குத் திரும்புவோம். 2010 செப்டம்பரில் வாஷிங்டனில் ஐந்து தலைவர்கள் நடந்துவந்த படம் ஒன்று அல்அஹ்ராமில் வெளிவந்தது. உண்மைப் படத்தில் ஒபாமா முன்னே செல்ல, ஹுஸ்னி முபாரக் பின்னே ஓரமாக வந்தார். அல்அஹ்ராமின் படத்தில் முபாரக் அனைவருக்கும் முன்னே நடந்தார். ஏமாற்று வெளிப்பட்டபோது, அது கருத்தை உணர்த்தும் படம் என்று தலைமை ஆசிரியர் விளக்கமளித்தார். ஐந்து மாதங்கள் கழித்து, 2011 பிப்ரவரி 12 அன்று, அதே நாளிதழ் 'மக்கள் ஆட்சியை வீழ்த்தினர்' என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டது. சிலர் அதை விடுதலையின் விடியலாகக் கண்டனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. புதிய உரிமையாளர் யாரென்று அறிந்துகொள்ளும் பதற்றமே அவ்வெழுத்துகளில் தெரிந்தது.

2018இல் இயற்றப்பட்ட 180ஆம் எண் சட்டம், 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிமனிதரின் சமூக ஊடகக் கணக்கையும் ஊடக மேற்பார்வைக் குழுவின் கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது. அரசுப் பதிப்பகங்களோ கடன் சுமையில் தவித்தன. 2021இல் அவற்றின் மாலை நாளிதழ்கள் அச்சில் வருவது நிறுத்தப்பட்டு, இணையத்திற்கு மட்டும் என்றாயின. அவற்றுள் 1956 முதல் வெளிவந்த 'அல்மஸா'வும் ஒன்று. முஹம்மது அலீ பாஷா தொடங்கிய அல்வகாயிஃ மட்டும், அமைச்சகங்களின் ஆணைகளைத் தாங்கி, அரசு அச்சகத்திலிருந்து தொடர்ந்து வெளிவந்துகொண்டிருக்கிறது.